ஆத்தங்குடிக் கல் போடுகிறவர் வீட்டுத் தரை

அந்நியமாதல், அதாவது உழைக்கிறவர் தன் உழைப்பிலிருந்தும் தான் செய்த பொருளிலிருந்தும் விலகிப்போவது, என்றதும் பெரிய ஆலையும், சங்கு ஊதும் சத்தமும், நாள் முழுக்க ஒரே போல்ட்டை முடுக்கிக்கொண்டு நிற்கும் ஆளும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. காரைக்குடியில் நாங்கள் சிலர் சேர்ந்து மார்க்ஸை வாசித்துக்கொண்டிருக்கிறோம், அங்கேயும் பேச்சு அப்படித்தான் போனது. "இதெல்லாம் திருப்பூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பொருந்தும். நம்ம பக்கம் கைவேலைதானே, ஆத்தங்குடிக் கல்லு, கண்டாங்கிச் சேலை, ஓலைக் கொட்டான்... இதுல ஏது அந்நியமாதல், செய்யிறவன் ரசிச்சுல்ல செய்யிறான்" என்றார் ஒரு நண்பர். நல்ல மனதோடுதான் சொன்னார். (ஆத்தங்குடிக் கல் என்பது எங்கள் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்கிற, பூப்போட்ட தரைக்கல்.) செட்டிநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இதையேதான் வேறு வேறு சொற்களில் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கையால் செய்வதால் மட்டும் வேலை ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. ஏன் என்று அன்றைக்கு முழுதாகச் சொல்ல நேரம் போதவில்லை, அதனால் இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்நியமாதலைப் பற்றி மார்க்ஸ் எழுதியது 1844-இல், பாரிஸில், அவருக்கு 26 வயது. குறிப்பேடுகளாக எழுதி வைத்தாரே தவிர அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1932-இல்தான் அவை முழுமையாக வெளிவந்தன, அவர் இறந்து கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து. அதுவரை வந்த சோஷலிஸ்டுகள், லெனின் உட்பட, இந்தப் பக்கங்களைப் பார்க்காமலேயேதான் எல்லாம் செய்தார்கள். ஹங்கேரிய மார்க்சியர் லூகாச் ஒருவர் 1923-இலேயே, இந்தக் குறிப்புகள் கையில் இல்லாமல், மார்க்ஸின் பிற்கால நூலான 'மூலதன'த்தை வைத்துக்கொண்டே ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார், அது எனக்கு இன்றைக்கும் வியப்புதான். இளம் மார்க்ஸுக்கு முன்னால் இருந்தவர்கள் ஹெகல், ஃபாயர்பாக் என்ற ஜெர்மன் தத்துவவாதிகள். மனிதன் தன்னிடம் உள்ள நல்லதையெல்லாம் எடுத்துக் கடவுளிடம் வைத்துவிட்டு, அப்புறம் அந்தக் கடவுள் முன்னால் தான் ஒன்றுமில்லாதவனாக நிற்கிறான் என்று ஃபாயர்பாக் 1841-இல் எழுதியிருந்தார். மார்க்ஸ் அந்தப் பார்வையை அப்படியே பட்டறைக்குக் கொண்டுவந்தார். உழைக்கிறவர் தன் உயிரைப் பொருளுக்குள் வைக்கிறார், வைத்த பிறகு அந்த உயிர் அவருடையதாக இல்லை, பொருளுடையதாகிவிடுகிறது என்கிறார். அந்தப் பொருள் அவருக்கு எதிரே, அவரை மீறிய ஒரு சக்தியாக வந்து நிற்கிறது.

இங்கே சலிப்பு, சோர்வு, மனச்சோர்வு எல்லாம் பின்னால் வருபவை. முதலில் வரும் கேள்விகள் வேறு. செய்த பொருள் யாரிடம் போகிறது? எதைச் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? சிரித்துக்கொண்டே வேலை செய்கிறவரும் அந்நியமாகியிருக்கலாம். வேலை பிடிக்கவில்லை என்று முனகுகிறவர், தன் சொந்த நிலத்தில் தன் விருப்பப்படி உழுகிறவராக இருந்தால், மார்க்ஸ் சொல்கிற அர்த்தத்தில் அந்நியமாகாதவராகவும் இருக்கலாம். இன்றைக்கு ஆபீஸ் வேலையில் இருக்கிறவர்கள் இந்தச் சொல்லைத் தனிமை, வெறுமை என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். அதற்குத் தியானம், யோகா, வார இறுதிச் சுற்றுலா என்று மருந்தும் விற்கிறார்கள். மனநிலையாகச் சுருக்கினால் மருந்து கிடைக்கும், உண்மைதான். ஆனால் கூலி யார் கொடுப்பது, லாபம் எங்கே போவது என்ற பேச்சே அதில் வராது.

அதே குறிப்புகளில் ஒரு இடம் இருக்கிறது, அதைச் செட்டிநாட்டுக்காரர்கள் படிக்காமல் தாண்டிப்போக முடியாது. உழைப்பு செல்வந்தர்களுக்கு அற்புதங்களைப் படைக்கிறது, உழைப்பவருக்கு இல்லாமையைப் படைக்கிறது. அரண்மனைகளைப் படைக்கிறது, உழைப்பவருக்குக் குடிசையைத்தான் தருகிறது. அழகைப் படைக்கிறது, உழைப்பவரை உருக்குலைக்கிறது. பாரிஸில் உட்கார்ந்து அவர் எந்த அரண்மனையை நினைத்து எழுதினாரோ, எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கானாடுகாத்தானும் பள்ளத்தூரும்தான் கண்ணில் நிற்கின்றன. பர்மா தேக்கில் தூண், இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர், ஒரு தெருவில் முகப்பு தொடங்கி அடுத்த தெருவில் பின்வாசல் முடிகிற வீடுகள். அவற்றைக் கட்டிய கொத்தனார், சித்தாள், ஆசாரி இவர்கள் எல்லாம் எந்த மாதிரி வீட்டில் இருந்தார்கள்? அதைக் காட்ட எந்த வழிகாட்டியும் யாரையும் கூட்டிப்போவதில்லை, ஏனென்றால் அந்த வீடுகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. மண் சுவரும் ஓலையும் நூறு வருடம் தாங்காது.

இனி ஆத்தங்குடிக்கு வருகிறேன். நான் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் கணக்கு எழுதுகிறேன், கல் ஆர்டர் விஷயமாக அந்த ஊர்ப் பட்டறைகளுக்குப் போகிற வேலை எனக்கு அடிக்கடி வரும். பார்க்காதவர்களுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். கீழே ஒரு சதுரக் கண்ணாடி. அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் தகட்டில் வளைத்துப் பற்றவைத்த பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் சிமெண்டில் கரைத்த கலரை, சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று, சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை மேலே தூக்க வேண்டும். எனக்கு எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத இடம் அதுதான். கை துளி நடுங்கினாலும் ஒரு கலர் இன்னொன்றோடு கலந்துவிடும், அவர்களோ பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே, அச்சைப் பார்க்கக்கூட இல்லாமல், நேர் செங்குத்தாக ஒரே இழுப்பில் தூக்கிவிடுகிறார்கள், கலர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஆனால் கலக்காமல் நிற்கின்றன. அதன் மேல் காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவை போட்டுக் கரணையால் மட்டம் பண்ணி, கண்ணாடியோடு எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் இறங்கும், அப்புறம் நாள் கணக்கில் ஊறும். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. கண்ணாடி தானாகவே விட்டுக்கொள்ளும்போது அதன் பளபளப்பு கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த வேலையைத்தான் நண்பர் ரசிச்சுச் செய்கிற வேலை என்கிறார். ரசனை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் டிசைன் யார் முடிவு? சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற ஆர்க்கிடெக்ட் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார், கலருக்கு நம்பர் போட்டு அனுப்புகிறார். அச்சு பட்டறைக்காரருடையது. சிமெண்டும் கலரும் அவருடையவை. கூலி பீஸ் ரேட், அதாவது எத்தனை கல் தேறியதோ அதற்கு மட்டும். ஓரம் உடைந்தால், கலர் கசிந்தால், அந்தக் கல்லுக்குக் காசு இல்லை. மேஸ்திரி நின்று விரட்ட வேண்டிய அவசியமே அங்கே கிடையாது. மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் பீஸ் ரேட்டுக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். முதலாளித்துவத்துக்கு மிகவும் ஒத்துப்போகிற கூலி வடிவம் இதுதான் என்கிறார். தரத்தை வேலையே கண்காணித்துக்கொள்கிறது, வேகத்தைத் தொழிலாளியே கூட்டிக்கொள்கிறார், மேற்பார்வை பெரும்பகுதி தேவையற்றுப் போகிறது என்று விளக்குகிறார். 1867-இல் வந்த புத்தகம். ஆத்தங்குடியில் ஒரு மதியம் நின்று பார்த்தால் அந்த அத்தியாயத்துக்கு உரையே வேண்டாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது மேஸ்திரி இல்லாத, சுதந்திரமான, அமைதியான வேலையிடமாகத் தெரியும். எந்தக் கைவேலையில் சுதந்திரம் தெரிகிறது என்று நாம் மகிழ்கிறோமோ, அங்கே மேஸ்திரி தொழிலாளியின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு தடவை அங்கே வயதில் மூத்த ஒருவரிடம், பல வருடமாகப் பழக்கம், "அண்ணே, உங்க வீட்டுல நம்ம கல்லுதான் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். "சிமெண்டுத் தரைதான் தம்பி. போன வருசம் மூத்தவன் முன்ரூமுக்கு மட்டும் கம்பெனி டைல்ஸ் போட்டான், கூட்டுனா சுத்தமா இருக்குல்ல" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, இயல்பாகச் சொன்னார். அவர் கையிலிருந்து எத்தனை வீட்டுத் தரை போயிருக்கும் என்று அவருக்கே கணக்கு இருக்காது. கணக்கு என்னிடம் இருக்கிறது. என் நோட்டில் மணல், சிமெண்ட், கலர், வண்டி வாடகை, கூலி என்று ஒரே வரிசையில் ஏறுகிறது அவர் வேலை. தொழிலாளி தானும் ஒரு சரக்காக ஆகிறார் என்று மார்க்ஸ் எழுதுவதைக் கொஞ்சம் மிகையான பேச்சு என்று நினைக்கிறவர்கள் எந்தக் கட்டட ஒப்பந்தக்காரரின் நோட்டையும் திறந்து பார்க்கலாம்.

அதே பட்டறையில் வேறொன்றும் பார்த்தேன். அன்றைய வேலை முடிந்து டப்பாக்களில் மிச்சக் கலர் கிடந்தது. அந்த அண்ணன் அச்சு எதுவும் வைக்காமல் வெறும் சட்டத்தைக் கண்ணாடி மேல் போட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாக ஊற்றி, ஒரு ஈர்க்குச்சியை எடுத்து நடுவிலிருந்து வெளியே இழுத்தார், அப்புறம் வெளியிலிருந்து உள்ளே. மயில் தோகை மாதிரி ஒன்று வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தார், ஒரு இடத்தில் இன்னும் கொஞ்சம் பச்சை விட்டார், மறுபடியும் குச்சி. நான் கணக்குப் பார்த்த நேரம் முழுக்க அவர் அந்த ஒரு கல்லோடு இருந்தார். எதுக்கு என்றால், "சும்மாதான், கலர் வீணாப் போகுதுல்ல" என்றார். அது எண்ணிக்கையில் சேராது, கூலி கிடையாது. அந்த மாதிரிக் கற்கள் தொட்டிக்குப் பக்கத்தில் காலில் மண் படாமல் நிற்பதற்குப் போட்டிருக்கும். விலங்கு தனக்கும் தன் குட்டிக்கும் உடனடியாக வேண்டியதை மட்டும் கட்டுகிறது, மனிதன் தேவை தீர்ந்த பிறகும் உண்டாக்குகிறான், அழகின் விதிகளின்படியும் உண்டாக்குகிறான் என்று 1844 குறிப்புகளில் வருகிறது. மனித இனத்துக்கே உரிய தன்மை அதுதான் என்கிறார் மார்க்ஸ், அதிலிருந்தும் மனிதர் பிரிக்கப்படுகிறார் என்கிறார். நண்பர் சொன்ன ரசனை அந்த மயில் தோகைக் கல்லில் இருக்கிறது. ஆர்டர் கல்லில் அவருடைய திறமை இருக்கிறது, கவனம் இருக்கிறது, முடிவு இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் பட்டறைக்காரருக்கும் நமக்கும் வசதி, கல் போடுகிறவருக்கு அல்ல.

கைவேலையின் மகிழ்ச்சியை எல்லோரையும்விட உயர்த்திப் பேசிய சோஷலிஸ்ட் இங்கிலாந்தின் வில்லியம் மாரிஸ். சுவர்க் காகிதம், திரைச்சீலை, நெசவு, அச்சு என்று எல்லாவற்றிலும் கைவைத்தவர், தானே கற்றுக்கொண்டு செய்தவர், சொந்தமாக ஒரு நிறுவனமும் நடத்தினார். கையால் அக்கறையோடு செய்த பொருள் விலை கூடியது, விலை கூடியதால் பணக்காரர் வீட்டுக்கு மட்டும் போனது. தன் கலை யாருக்குப் போய்ச் சேருகிறது என்பது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. 1883-இல் சோஷலிஸ்ட் அமைப்பில் சேர்ந்து தெருமுனைக் கூட்டங்களில் பேசத் தொடங்கினார். கைவினையைக் காப்பாற்றினால் போதும் என்று அவர் நிற்கவில்லை என்பதால்தான் எனக்கு அவர் மேல் மரியாதை. ரிசார்ட்டுக்காரர்கள் ஆத்தங்குடிக் கல்லைத் தேடி வருவதால் தொழில் பிழைத்தது என்பது மெய்தான், நானும் அந்த ஆர்டர்களில் பிழைக்கிறவன். அதோடு பேச்சை முடித்துக்கொள்ளக்கூடாது என்கிறேன்.

சரி, அந்த வீடுகளின் சொந்தக்காரர்கள்? அவர்களைப் பற்றி மார்க்ஸ் சொன்னது இன்னும் கவனிக்க வேண்டியது. எங்கெல்ஸோடு சேர்ந்து எழுதி 1845-இல் வெளிவந்த 'புனிதக் குடும்ப'த்தில், சொத்துள்ள வர்க்கமும் பாட்டாளி வர்க்கமும் ஒரே அந்நியமாதலில்தான் இருக்கின்றன என்கிறார். வித்தியாசம், ஒரு தரப்பு அதில் வசதியாக இருக்கிறது, அதைத் தன் பலம் என்று எண்ணுகிறது, மறுதரப்பு அதில் அழிகிறது. இதற்குச் செட்டிநாட்டு வரலாற்றை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

வீட்டுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லோரும் பர்மா என்பார்கள், கொண்டுவிக்கப் போனது, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போனது என்பார்கள். சின்ன வயதிலேயே கடையில் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறி, படிப்படியாக அடுத்தாளாகி, மேலாளாகி, கணக்கு முடித்து ஊர் திரும்பிய தாத்தாக்கள் நகரத்தார், அதாவது செட்டியார் வீடு ஒவ்வொன்றிலும் இருக்கிறார்கள். கீழ் பர்மாவின் சதுப்பு நிலத்தைத் திருத்தி நெல் வயலாக்கிய விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள் இவர்கள்தான், ஆங்கிலேய வங்கிகள் அந்த விவசாயியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார்கள் போட்டிருந்த முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்று அன்றைய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. கைராசி, நாணயம், கணக்குச் சுத்தம் என்று நாம் பெருமையோடு சொல்வதெல்லாம் இருந்தது. வட்டியும் இருந்தது.

அப்புறம் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. ரங்கூனிலோ காரைக்குடியிலோ எவரும் அந்த விலையைத் தீர்மானிக்கவில்லை. வயலில் நின்ற பர்மியர் முந்தின வருடம் விளைவித்த அதே நெல்லைத்தான் விளைவித்தார், அதே அளவு உழைத்தார், ஆனால் அந்த நெல் இப்போது அவருடைய கடனை அடைக்கவில்லை. கடனுக்கு ஈடாக நிலம் போனது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவிகிதம், 1937-இல் 25 சதவிகிதம். ஏழு வருடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நிலம் கைமாறியது. தான் காடு வெட்டித் திருத்திய நிலத்தில் விவசாயி குத்தகைக்காரராக நின்றார். தன் உழைப்பே தனக்கு எதிராக வேறொருவர் சக்தியாக வந்து நிற்பது என்று மார்க்ஸ் எழுதினாரே, அதற்கு இதைவிட நேரான படம் வேண்டுமா?

ஆனால் கடன் கொடுத்தவருக்கும் அந்த நிலம் தேவைப்படவில்லை, இதைத்தான் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். லேவாதேவிக்காரருக்குப் பணம் புரள வேண்டும். எங்கோ கடல் தாண்டிய வயலை வைத்துக்கொண்டு ஊரிலிருக்கிற செட்டியார் என்ன செய்வார், விலை விழுந்த காலத்தில் யாரிடம் விற்பார்? புரண்ட பணம் சேற்றில் மாட்டிக்கொண்டது. பர்மியர் கண்ணுக்கு அவர் நிலத்தைப் பறித்த அந்நியராகத் தெரிந்தார், கோபம் முழுக்க அவர் மேல் திரும்பியது. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள், பலர் காடும் மலையும் தாண்டி நடந்தே. 1948-இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. போட்ட முதலில் பெரும்பகுதி அதோடு போனது. இரண்டு தரப்பையும் ஆட்டிவைத்தது, எவர் கட்டுப்பாட்டிலும் இல்லாத ஒரு விலை. மனிதர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட உறவு, சந்தை என்ற பெயரில் மழை வெயில் மாதிரி அவர்கள் தலை மேல் இறங்கியது. இதைச் சொல்வதால் கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே அளவு துன்பப்பட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவருக்குப் பள்ளத்தூரில் வீடு இருந்தது, இன்னொருவருக்கு நின்ற இடமே போனது. ஒரு தரப்பு வசதியாக இருக்கிறது என்று மார்க்ஸ் சேர்த்து எழுதியதை இங்கே விட்டுவிடக்கூடாது.

அந்த வசதியும் இப்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஒரு இரட்டை வீடு என்று கட்டியது, மூன்று தலைமுறையில் பங்காளிகள் பெருகி, ஒரு அறையின் மேல் பலருக்கு உரிமை. சென்னையில் சிலர், சிங்கப்பூரில் சிலர், அமெரிக்காவில் சிலர். கல்யாணத்துக்கோ முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ வந்தால் கதவு திறக்கும். ஓடு மாற்றக்கூட எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் வருடம் முழுக்க இருப்பது பின்கட்டில் தங்கியிருக்கும் காவல்காரக் குடும்பம் மட்டும்தான். சட்டப்படி அந்த வீட்டில் ஒரு ஓட்டுக்கும் பாத்தியதை இல்லாதவர்கள், ஆனால் எந்த மூலையில் ஒழுகும், எந்தக் கதவு மழைக்காலத்தில் பிடிக்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். கட்டிக்காக்க முடியாமல் பிரித்து விற்ற வீடுகளின் தூண்களும் நிலைகளும் எனாமல் பாத்திரங்களும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வந்து குவிகின்றன. ஒரு ஆச்சிக்குச் சீராக வந்த பாத்திரத்தில் அவர் பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கும், அதன் மேல் விலைச் சீட்டு ஒட்டியிருக்கும். வாங்குகிறவர் வயதைக் கேட்பார், எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்பார். நிலைக்கதவில் யாளி செதுக்கிய ஆசாரி எந்த ஊர் என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. சரக்கின் மாயம் என்று 'மூலதனம்' முதல் அத்தியாயத்தில் வருவது இதுதான், உழைத்தவர்களுக்கு இடையிலான உறவு மறைந்து பொருளுக்கே விலை என்ற குணம் இருப்பதாகத் தோன்றிவிடுவது.

இதை வைத்தே இன்னொரு பழைய சண்டைக்கும் வருகிறேன். அந்நியமாதல் எல்லாம் இளம் மார்க்ஸின் ஹெகலியப் பேச்சு, முதிர்ந்த மார்க்ஸ் அதைக் கழற்றி வைத்துவிட்டார் என்று பிரெஞ்சு மார்க்சியர் அல்தூசர் அறுபதுகளில் வாதாடினார். நம் ஊர்த் தோழர்களிலும் இதை நம்புகிறவர்கள் உண்டு. சொல் குறைந்தது, சரி. ஆனால் 1857-58-இல் எழுதிய குறிப்பேடுகளில் அது திரும்பத் திரும்ப வருகிறது, 'மூலதன'த்தில் கருவியைத் தொழிலாளி பயன்படுத்தியது போய் எந்திரம் தொழிலாளியைப் பயன்படுத்துகிறது என்று வருகிறது, பீஸ் ரேட்டும் சரக்கின் மாயமும் வருகின்றன. சின்ன வயதில் எழுப்பிய கேள்விக்குப் பின்னால் கணக்குப் போட்டு விடை சொன்னார் என்றுதான் எனக்குப் படுகிறது. தமிழில் இந்தப் பொருளை எஸ்.வி.ராஜதுரையும் கோவை ஞானியும் எவ்வளவோ முன்பே விரிவாக எழுதிவிட்டார்கள், நாம்தான் மறந்துவிட்டு ஆங்கிலத்தில் தேடுகிறோம்.

கடைசியாக எல்லோரும் கேட்கிற கேள்வி, சோஷலிசம் வந்தால் இது தீருமா? அரசே முதலாளியானால் போதும் என்று நினைத்த நாடுகளில் இந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. சுரண்டும் வர்க்கம் ஒழிந்த இடத்தில் அந்நியமாதல் எங்கிருந்து வரும் என்பது அதிகாரபூர்வ பதில். 1963-இல் பிராகுக்குப் பக்கத்தில் எழுத்தாளர் காஃப்காவைப் பற்றிக் கூடிய கருத்தரங்கில் அந்தப் பதில் ஆட்டம் கண்டது. போலந்துக் கட்சியின் மத்தியக் குழுவில் இருந்த ஆதம் ஷாஃப், சோஷலிச நாட்டிலும் அந்நியமாதல் இருக்கிறது என்று 1965-இல் வெளிப்படையாகவே எழுதி, கட்சிக்குள் கடும் எதிர்ப்பை வாங்கிக்கொண்டார். யூகோஸ்லாவியா 1950-இலேயே ஆலை நிர்வாகத்தைத் தொழிலாளர் குழுக்களிடம் தரச் சட்டம் போட்டது. குழு இருந்தும் பல இடங்களில் பேச்சு மேலாளர்களிடமும் பொறியாளர்களிடமும்தான் நின்றது. ஆனாலும் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் இதைப் புரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டாம். கண்டாங்கி நெய்கிறவர்களில் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் இருக்கிறார்கள். காகிதத்தில் சங்கம் அவர்களுடையது. நூல் சங்கத்திலிருந்து வரும், கட்டம் எத்தனை, கரை எவ்வளவு என்பதும் வரும், நெய்து கொடுத்தால் கூலி வரும். நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைக்கிற தனியார் மாஸ்டர் வீவரிடம் நெய்வதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு, அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் "சங்கத்துக்காரங்க" என்றுதான் சொல்கிறார், "நாங்க" என்று சொல்வதில்லை. ஓட்டுப் போடுகிறார், கையெழுத்துப் போடுகிறார், எந்தச் சேலை ஓடும் எந்தச் சேலை தேங்கும் என்று தறியில் உட்கார்ந்தே சொல்வார், அதை யாரும் அவரிடம் கேட்பதில்லை.

கூலி உயர்வு மட்டும் போதாது, அது அடிமைக்குக் கொஞ்சம் நல்ல சம்பளம் தருவதுதான் என்று 1844-இல் மார்க்ஸ் கடுமையாகச் சொன்னார். மார்க்ஸை மதிக்கிறேன், ஆனால் மாதக் கடைசியில் கூலிப் பட்டியல் எழுதுகிறவன் என்ற முறையில் கூலி உயர்வை நான் அப்படி ஒதுக்கமாட்டேன். உடைந்த கல்லுக்கும் பாதிக் கூலி என்று ஆனால் ஒரு வீட்டில் ஸ்கூல் ஃபீஸ் கட்டப்படும். அதைக் கேட்டு வாங்குவது முதல் வேலை. அதற்கு அடுத்தது அச்சு. ஆத்தங்குடியில் ஒரு பட்டறை தொடங்க நிலமும் தொட்டியும் கண்ணாடியும் பெரிய செலவே இல்லை, ஒரு பெரிய எந்திரம்கூடத் தேவையில்லாத தொழில் அது. அச்சும் ஆர்டரும்தான் ஒருவரை முதலாளியாகவும் இன்னொருவரைக் கூலியாகவும் வைத்திருக்கின்றன. கல் போடுகிறவர்கள் சிலர் சேர்ந்து அச்சுகளைத் தங்கள் பேரில் செய்து வைத்துக்கொண்டு, ஆர்டரைத் தாங்களே பேசி, எந்த டிசைன் போடுவது என்று தாங்களே முடிவெடுத்தால் என்ன ஆகும்? சந்தை அவர்களையும் நெருக்கும், வேறு பட்டறையோடு போட்டி போட வேண்டியிருக்கும், யூகோஸ்லாவியாவில் நடந்தது இங்கேயும் நடக்கலாம். தெரிந்தேதான் சொல்கிறேன். அப்போதும் மயில் தோகைக் கல்லை விலைப் பட்டியலில் போடலாமா என்று முடிவு செய்வது அதைப் போட்டவராக இருப்பார்.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குப் பீஸ் ரேட் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆத்தங்குடியிலிருந்து இரண்டு பேரையாவது அழைத்து வந்து, நாம் படிக்க அவர்கள் குறுக்கே பேசினால்தான் அந்த அத்தியாயம் நமக்குப் பிடிபடும். அதற்கு ஞாயிறு அவர்களுக்குத் தோதுப்படாது, வேலை நாள், பீஸ் ரேட்டில் ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் கூட்டத்தை இருட்டின பிறகு ஆத்தங்குடியிலேயே வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருந்து வர நினைப்பவர்கள் சொல்லுங்கள், வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம்.